பெரியப்பாவின் நெற்றி

முருகனால் இருபத்தெட்டு வருடம் முடியாத ஒரு காரியத்தை நான் பத்து வயதில், இரண்டே வாரத்தில் முடித்துக் காட்டியிருக்கிறேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சாட்சிக்கு ஒரு காலனியே இருந்தது.

அந்தக் காலனி ஹைதராபாத்தில் பாலாநகர் பக்கம், அப்பா வேலை பார்த்த மத்திய சர்க்கார் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ். ஜீடிமெட்லாவில் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் காயப்போட்ட துணியிலும் மருந்து வாடை வரும். எங்கள் வரிசையில் இரண்டு வீடு தெலுங்கு, ஒன்று மலையாளம், ஒன்று பெங்காலி, நாங்கள் திருநெல்வேலி. எங்கள் வீட்டுக்குள் எல்லோரும் ஊர்த் தமிழ் பேசுவார்கள். நான் மட்டும் தெருவில் பொறுக்கிய பாஷையை வீட்டுக்குள் கொண்டுவந்து, ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்றும், அம்மா சாதம் வைக்க வந்தால் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்றும் சொல்லி முதுகில் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்களோடு வந்து சேர்ந்தது பெரியப்பா ரிட்டையர் ஆன வருடம். அவர் செகந்திராபாத் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். அப்பாவை ஊரிலிருந்து வரவழைத்து, ஐ.டி.ஐ. படிக்கவைத்து, இந்த வேலைக்கு மனுப்போட வைத்ததும் அவர்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, 'எங்கண்ணன் வேற எங்க போவாவ' என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் ஆனோம்.

பெரியம்மா முருக பக்தை. சும்மா பக்தை இல்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை உபவாசம், சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமும், செவ்வாய்க்கிழமை மௌனம். பெரியப்பாவுக்கோ சாமி கிடையாது. படித்த வயதில் எங்கேயோ கூட்டங்களுக்குப் போய், கேட்டு, யோசித்து, கடவுள் இல்லை என்று முடிவு கட்டியவர். அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார். பெரியம்மாவை மாதா மாதம் கோயிலுக்குக் கூட்டிப்போவதே அவர்தான். வாசலில் செருப்புகளுக்குக் காவலாக நின்று பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளே போகிற ஜனங்கள் எல்லாம் தங்கள் செருப்பையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார்கள், அதையும் பார்த்துக்கொள்வார்.

அவர்களுக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம் இருந்தது. கல்யாணத்தன்றே பேசி வைத்தது. 'நீ எவ்வளவு வேணா கும்பிட்டுக்க, என் நெத்தியை மட்டும் எனக்கு விட்டுரு' என்று பெரியப்பா கேட்டாராம். பெரியம்மா விட்டாள். சாயங்காலம் விளக்கேற்றியதும் திருநீற்று மரவையை எடுத்துக்கொண்டு வீட்டில் ஒவ்வொருவராக வருவாள். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, வந்திருக்கும் விருந்தாளிக்கு, ஒரு தடவை மீட்டர் பார்க்க வந்த ஆளுக்குக்கூடப் பூசினாள். பெரியப்பாவின் நாற்காலி வந்ததும் மரவையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தாண்டிப் போவாள். பெரியப்பாவும் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைத் துடைப்பார். ஆனால் அவள் முருகனிடம் தினமும் கேட்பது என்ன என்று காலனிக்கே தெரியும். 'அவிய ஒரு நாள், ஒரே ஒரு நாள், தானா கையெடுத்துக் கும்பிடணும்.'

பெரியப்பாவுக்கு மறதி எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் செகந்திராபாத்துக்கு பென்ஷன் வாங்கப் போனவர் பஸ் மாறி ஹப்சிகுடாவில் இறங்கி நின்றார். யாரோ ஒரு மாணவன் அவர் சட்டைப்பையில் இருந்த விலாசக் காகிதத்தைப் பார்த்துக் கொண்டுவந்து விட்டான். பிறகு அப்பாவை 'சூப்பர்வைசர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். பெரியம்மாவைச் சில நாள் தன் அக்கா என்றும், சில நாள் பார்சலைக் கேட்டு வந்த பார்ட்டி என்றும் நினைத்தார். சாக்பீஸ் கிடைத்தால் போதும், வீட்டுச் சாமான்களில் எல்லாம் ஸ்டேஷன் பெயர் எழுதிவிடுவார். எங்கள் மாவு டின் வாடிக்குப் போகவேண்டியது, தையல் மிஷின் காஜிப்பேட்டைக்கு, என் புத்தகப்பை விஜயவாடாவுக்கு. நான் அதை அழிக்காமலே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பெருமை அடித்துக்கொண்டேன். தொழிற்சாலை டிஸ்பென்சரி டாக்டர், வயதானால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு ஊட்டச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

குளிக்கவைப்பது, ஊட்டுவது, ஒரு நாளைக்கு நாலு வேஷ்டி துவைப்பது, கதவைத் திறந்துகொண்டு 'டூட்டிக்கு நேரமாச்சு' என்று கிளம்புகிறவரை மறித்து உட்காரவைப்பது, எல்லாம் பெரியம்மாதான். வேறு யாரையும் விடமாட்டாள். சாயங்காலம் அவள் துணி துவைக்கும் ஒரு மணி நேரம் மட்டும் பெரியப்பா வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஒரு மணி நேரம் ஒருத்தரை உட்காரவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் பள்ளிக்கூட விளையாட்டு ஆரம்பித்தேன். நான் டீச்சர், அவர் மாணவர். நான் செய்வதைத் திருப்பிச் செய்தால் அம்மா டின்னில் ஒளித்து வைத்திருந்த கடலை மிட்டாயில் ஒன்று. கை தட்டச் சொன்னேன், தட்டினார். காதைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். அப்போதுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. 'முருகா' என்று நான் கைகூப்பினால் 'அரோகரா' என்று அவர் கைகூப்பவேண்டும், பிறகு தட்டில் இருக்கும் சுண்ணாம்புத்தூளை எடுத்து நெற்றியில் இழுத்துக்கொள்ளவேண்டும். திருநீற்றைத் தொட எனக்குப் பயம், அதனால் ஒத்திகைக்குச் சுண்ணாம்பு. முதல் இரண்டு நாள் மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டார். இரண்டாவது வாரம், நான் கைகூப்புவதற்கு முன்னாலேயே அவர் கூப்பினார்.

ஆடிக் கிருத்திகை அன்று வீட்டில் பூஜை. பக்கத்து வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். பெரியம்மா கற்பூரத்தைக் காட்டித் திரும்பினாள். நான் கூட்டத்துக்கு நடுவில் நின்று பெரியப்பாவைப் பார்த்து மெதுவாகக் கைகூப்பினேன். பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். 'அரோகரா' என்று கணீரென்று சொன்னார். நடந்து வந்து மரவையில் விரலைத் தோய்த்து, மூன்று விரலாலும் நெற்றி முழுக்கத் திருநீற்றை இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், மிட்டாய்க்கு. அதை யாரும் கவனிக்கவில்லை.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். முருகன் செயல், முருகன் செயல் என்று தெலுங்கிலும் தமிழிலும் மலையாளத்திலும் கேட்டது. நான் 'என் செயல்' என்று சொல்ல வாயெடுத்தேன். மிட்டாய் டின் பாதி காலியானது அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பெரியம்மா மட்டும், கையில் இருந்த கற்பூரம் அணைந்து தட்டு கறுப்பாகும்வரை அப்படியே நின்றாள்.

மறுநாள் அவள் விளக்கேற்றவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பெரியப்பாவுக்குச் செய்யவேண்டியது எதையும் நிறுத்தவில்லை, குளிக்கவைத்தாள், ஊட்டினாள், துவைத்தாள். அந்த வேலை முடிந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தலை வாரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆம் என்பாள், தட்டு அப்படியே இருக்கும். எனக்குப் பின்னல் போட்டுவிடுகிறவள் அவள்தான், அதையும் அம்மா போட ஆரம்பித்தாள், இரண்டு பக்கமும் ஏறுமாறாக. ஒரு நாள் அம்மாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. 'நான் கேட்டதைக் குடுத்துட்டான். இந்த வழியாத்தான் குடுப்பான்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பனா? என் வாயாலதான் அவிய மூளையைக் கெடுத்தேன்.' அம்மா, 'அப்படிச் சொல்லாதீங்கக்கா' என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதாள். கேட்டது கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வந்தவர்கள் எல்லாம் வைத்தியம் சொன்னார்கள். ஒன்பது செவ்வாய் விளக்குப் போடு என்றார்கள், மந்திரித்த கயிறு கட்டு என்றார்கள், திருஷ்டி கழி என்றார்கள். இவ்வளவு அனுக்கிரகம் கிடைத்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று மாடி வீட்டு மாமி நேரிலேயே சொன்னாள். பெரியம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பெரியப்பா ஒருவர்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போய், அவள் கட்டிலுக்கு மேலே சுவரில், 'கண்ணாடிச் சாமான், கவனமாகத் தூக்கவும்' என்று பார்சல் ஆபீஸ் இங்கிலீஷில் பெரிதாக எழுதி வைத்தார். வீடே சிரித்தது. ஈரத்துணி கொண்டுவந்து நான்தான் அழித்தேன்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. காலனித் தமிழ்ச் சங்கம் கம்யூனிட்டி ஹாலில் விழா எடுத்தது. சங்கச் செயலாளர் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறிய குடும்பத்துக்காரர், நல்ல மனிதர், எதையும் விழாவாக்கிவிடுகிறவர். பெரியப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துவதென்றும், பெரியம்மா இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றும் முடிவு செய்து, சைக்ளோஸ்டைல் நோட்டீஸே அடித்துவிட்டார். 'நாத்திகம் துறந்து முருகன் அடி சேர்ந்த பெரியவர்' என்று அதில் இருந்தது. அப்பா படித்துவிட்டு, 'எங்கண்ணன் உசிரோட இருக்காவய்யா' என்றார். செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டு எல்லா நோட்டீஸிலும் பேனாவால் திருத்தினார். பெரியம்மா வரமாட்டாள் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். 'ஹவ்மா, ஹவ், தெரியுது. சும்மா வந்து நின்னா போதும்' என்று அவர் போய்விட்டார்.

விழா அன்று மத்தியானம் காப்பி கொடுக்கச் சொல்லி அம்மா என்னைப் பெரியம்மாவிடம் அனுப்பினாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நோட்டீஸ் கட்டிலிலேயே கிடந்தது. நான் அதை எடுத்து உரக்கப் படித்தேன். முருகப்பெருமானின் திருவருளால், முருகப்பெருமானின் பேராற்றலால், முருகப்பெருமானின் எல்லையில்லாக் கருணையால். மூன்று இடத்திலும் முருகன். என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. வேலை செய்தவள் ஒருத்தி, மாலை போட்டுக்கொள்கிறவன் இன்னொருத்தன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'முருகன் ஒண்ணும் செய்யல பெரியம்மா' என்றேன். 'நான்தான் சொல்லிக்குடுத்தேன்.'

பெரியம்மா திரும்பினாள். 'என்னட்டி சொன்னே?'

எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூட விளையாட்டு, சுண்ணாம்புத்தூள், கடலை மிட்டாய், டின் எவ்வளவு காலி என்பது உட்பட. பெரியம்மா எழுந்து உட்கார்ந்தாள். 'நீயா? நெசமா நீயா சொல்லிக்குடுத்தே?' என்றாள். 'ஹவ், நான்தான்' என்றேன். 'அவிய தானா கும்பிடலியா?' என்று மறுபடி கேட்டாள். முதல் நாள் எத்தனை மிட்டாய், எத்தனை நாள் ஆயிற்று, கைகூப்பும்போது அவர் யாரைப் பார்த்தார் என்று போலீஸ்காரர்போலக் கேட்டாள். 'என்னைத்தான் பாத்தாங்க. நீங்க வேணும்னா பாருங்க' என்று நான் கூடத்தில் இருந்த பெரியப்பாவின் முன்னால் போய் நின்று கைகூப்பினேன். பெரியப்பா உடனே கைகூப்பி, 'அரோகரா' என்று சொல்லி, கையை நீட்டினார்.

பெரியம்மா சிரித்தாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, 'களவாணி, களவாணி' என்று முதுகைத் தடவினாள். சத்தம் கேட்டு வந்த அம்மா மிட்டாய் விஷயம் தெரிந்து கையை ஓங்கியபோது, 'பிள்ளையை ஒண்ணும் சொல்லாதே' என்று தடுத்தாள். டின்னைக் கொண்டுவரச் சொல்லி, மீதி இருந்ததை எல்லாம் எனக்கும் பெரியப்பாவுக்கும் சரிபாதியாகக் கொடுத்தாள். ஆறிப்போன காப்பியைக் குடித்தாள். பிறகு தலைக்குக் குளிக்கப் போனாள்.

சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. பெரியப்பாவுக்கு யாரோ வாசலிலேயே நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள். செயலாளர் மைக்கில் புகழ்ந்து முடித்துப் பெரியம்மாவைக் கூப்பிட்டார். நாலு பேர் முன்னால் பேசி அறியாதவள். மேடை ஏறியதும் மைக்கைப் பார்க்கவில்லை, நேராகப் பெரியப்பாவிடம் போய், முந்தானையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தாள். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல, ஒரு பொட்டு மீதி இல்லாமல் துடைத்தாள். பிறகுதான் பேசினாள்.

'இவிய சாமி கும்பிட மாட்டாவ. இப்ப கும்பிடுதது சின்னப்பிள்ளை மிட்டாய் குடுத்துப் பழக்கினது. இவியளுக்கு நெனவு தப்பிட்டு. நெனவா இருக்கையில எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவ, நெத்தியை விட்டுருன்னு. இருபத்தெட்டு வருசம் விட்டேன். இப்ப தடுக்க ஆள் இல்லைன்னு அதைப் பிடுங்கிக்கிட்டா, நான் என்ன பொண்டாட்டி?'

செயலாளர் கையில் பொன்னாடையோடு திருதிருவென்று முழித்தார். பெரியம்மா அவரைப் பார்த்து, 'அதைப் போர்த்துங்க, பரவால்ல. கோயில் வாசல்ல ஊருக்கெல்லாம் செருப்புக் காத்தாவல்லா, அதுக்குப் போர்த்துங்க' என்றாள். பின்வரிசையில் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். என் அப்பா கைதட்டி நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அதைத் தொடர்ந்து ஹால் முழுக்கக் கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்ததும் பெரியம்மா பூசாரியிடம் போய்த் தன் நெற்றியைக் காட்டி, 'சாமி கும்பிடுதது நான். எனக்குக் குடுங்க' என்று திருநீறு வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பெரிய மனிதர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், எங்கள் பெரியம்மாவுக்கு ஒருவரும் பக்கத்தில் வரமுடியாது.

அன்று இரவே விளக்கு எரிந்தது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பெரியப்பா இன்னும் மூன்று வருடம் இருந்தார், கடைசியில் விழுங்குவதற்கே மறந்துபோனார். பெரியம்மாவும் இடையிடையே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளத்தான் செய்தாள், ஒரு நாள், இரண்டு நாள். அதற்கு மனச்சோர்வு என்று ஒரு பெயர் இருப்பதும், மருந்து இருப்பதும் எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நாட்களில் யாரும் அவளுக்கு விரதம் சொல்லவில்லை. வேஷ்டியை அம்மா துவைத்தாள், பெரியப்பாவைக் குளிக்கவைக்க அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டார், கிருத்திகைக்குப் பெரியம்மா தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தாள். பெரியப்பாவின் கை பழக்கதோஷத்தில் திருநீற்றுக்குப் போகும்போதெல்லாம் அவள் பொறுமையாகத் துடைத்துவிட்டாள். கடைசி நாளில் பூசவேண்டும் என்று சொந்தக்காரர்கள் சண்டை போட்டபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. வெறும் நெற்றியோடுதான் அவரை அனுப்பிவைத்தாள்.

பெரியப்பாவைக் கும்பிடவைத்த என் கெட்டிக்காரத்தனத்துக்குத்தான் அன்று டின்னில் பாதி எனக்குக் கிடைத்தது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருடமாக அவள் கேட்டுவந்ததை முருகன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்ற செய்தியை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அது நல்ல செய்தி என்பது மட்டும் எனக்கு அன்றைக்குத் தெரியாது.